பெண்ணுடலில் மது ஏன் கூடுதலாகக் கெடுக்கிறது

தமிழ்நாட்டில் ‘குவார்ட்டர்’ என்று கேட்டு வாங்கப்படும் 180 மில்லி பிராந்திப் புட்டியைத் திருப்பிப் பார்த்தால், அதன் அட்டையில் 42.8 விழுக்காடு என்ற எண் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். புட்டிக்குள் இருப்பதில் அத்தனை பங்கு கலப்பற்ற ஆல்கஹால் என்பது அதன் பொருள். கணக்குப் போட்டால் 77 மில்லி வருகிறது. ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது, ஒரு மில்லி ஏறத்தாழ 0.79 கிராம்தான் இருக்கும் என்பதால், எடையில் அது 61 கிராம். 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 650 மில்லி பீர் புட்டியில் இதே கணக்கின்படி 26 கிராமும், 8 விழுக்காடுள்ள ‘ஸ்ட்ராங்’ பீரில் 41 கிராமும் இருக்கின்றன. “பீர்தானே, அதெல்லாம் ஒரு குடியா” என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர்கள், ஒரு புட்டி ஸ்ட்ராங் பீர் என்பது குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும். மதுவின் கேட்டைப் பற்றிய பேச்சு இந்தக் கிராம் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். கல்லீரலுக்குப் புட்டியின் வடிவமும் தெரியாது, விலையும் தெரியாது.

அடுத்ததாக, ‘அதிகமாகக் குடிப்பது’ என்றால் எவ்வளவு என்ற கேள்வி வருகிறது. ஊர் வழக்கில் விழுந்து கிடப்பவர்தான் குடிகாரர். மருத்துவம் அப்படிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் மது ஆய்வுக்கென இயங்கும் அரசு நிறுவனம் 14 கிராம் ஆல்கஹாலை ஒரு ‘குடி அளவு’ என்று வைத்துக்கொண்டு, பெண்களுக்கு ஒரே நாளில் 4 அளவோ வாரத்தில் 8 அளவோ ஆகிவிட்டால் அதை அதிகக் குடி என்கிறது. ஆண்களுக்கு இந்த வரம்பு நாளுக்கு 5, வாரத்துக்கு 15. பெண்களுக்கான நாள் வரம்பு 56 கிராம். ஒரே மாலையில் ஒரு குவார்ட்டர் முடித்தவர் அதைத் தாண்டிவிட்டார். வார வரம்பு 112 கிராம். வாரத்தில் இரண்டு குவார்ட்டர் குடிப்பவர் அதையும் தாண்டிவிட்டார். தள்ளாடாமல் நடப்பவர், காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர், வீட்டில் யாருக்கும் தெரியாமல் சமாளிக்கிறவர் எல்லோருமே இந்தக் கணக்குக்குள் வந்துவிடக்கூடும்.

பெண்ணுக்கு வரம்பு ஏன் குறைவு? இதை ஆணாதிக்கத்தின் இன்னொரு அதட்டல் என்று நினைப்பவர்கள் உண்டு. பெண்ணின் நடத்தையைக் கண்காணிக்கவே பிறந்த சமூகத்தில் அந்தச் சந்தேகம் எழுவது நியாயம்தான். ஆனால் இங்கே நடப்பது ஒழுக்கம் சார்ந்ததன்று, கரைசல் சார்ந்தது. ஆல்கஹால் கொழுப்பில் மிகக் குறைவாகவே சேரும். நீரில் முழுவதும் கரைந்து பரவும். ஆணின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர் என்றால், பெண்ணின் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதல் என்பதால் நீர் 50 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஒரு கரண்டி உப்பைச் சொம்பு நீரில் போடுவதற்கும் டம்ளர் நீரில் போடுவதற்கும் கரிப்பில் எவ்வளவு வேறுபாடோ, அதுவே இங்கும்.

சுவீடன் நாட்டு அறிவியலாளர் எரிக் விட்மார்க் 1932இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். காவல் துறையும் நீதிமன்றங்களும் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. குடித்த ஆல்கஹாலின் எடையை, உடல் எடையை ஒரு காரணியால் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். அந்தக் காரணி ஆண்களுக்குச் சராசரியாக 0.68, பெண்களுக்கு 0.55. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஸ்ட்ராங் பீர் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். 70 கிலோ எடையுள்ள கணவனின் இரத்தத்தில், முழுவதும் ஒரே நேரத்தில் கலந்ததாகக் கொண்டால், 100 மில்லிக்கு ஏறத்தாழ 85 மில்லிகிராம் சேரும். 48 கிலோ எடையுள்ள மனைவிக்கு அது 150ஐத் தாண்டும். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 30 மில்லிகிராம் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், ‘ஆளுக்கு ஒன்று’ என்ற சமத்துவம் இரத்தத்துக்குள் போனதும் எப்படிக் குலைகிறது என்பது விளங்கும். இருவரும் ஒரே எடையாக இருந்தாலும் பெண்ணின் அளவு கால் பங்கு அதிகமாகவே நிற்கும்.

ஏறியது இறங்கவும் நேரமாகும். கல்லீரல் தன் வேகத்தில், மணிக்கு ஏறத்தாழ 100 மில்லி இரத்தத்தில் 15 மில்லிகிராம் என்ற கணக்கில்தான் ஆல்கஹாலைக் கழிக்கிறது. எலுமிச்சைச் சாறும் மோரும் கடுங்காப்பியும் தலைக்குக் குளிப்பதும் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. தூக்கம் தெளிந்ததுபோல ஓர் உணர்வு மட்டும் வரும். மேலே சொன்ன மனைவி இரவு பத்து மணிக்குக் குடித்து முடித்திருந்தால், விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதும் பிள்ளையை ஸ்கூட்டரில் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும்போதும் அவர் இரத்தத்தில் மிச்சம் இருக்கக்கூடும். மது கல்லீரலை அடையும் முன்பே இரைப்பையில் ஒரு பகுதியைச் சிதைக்கும் நொதி பெண்களுக்குக் குறைவாகச் சுரக்கிறது என்று 1990இல் ஓர் ஆய்வு சொன்னது. அதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் தொடர்கிறது; நீரின் பங்கைப் பற்றி வாதமில்லை.

கல்லீரலின் கதையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதிகக் குடியால் பெண்கள் இழக்கும் உறுப்புகளில் முதன்மையானது அதுதான். குடித்த ஆல்கஹாலில் பெரும்பகுதி அங்கேதான் எரிக்கப்படுகிறது. எரியும் வழியில் அது முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறுகிறது. பிறகுதான் கேடற்ற அசிட்டேட்டாகிறது. இந்த வேலையில் மூழ்கிய கல்லீரல் அணுக்கள் கொழுப்பை எரிக்கும் தங்கள் அன்றாட வேலையைத் தள்ளிப்போடுவதால், கொழுப்பு அங்கேயே தேங்குகிறது. வேறு எதற்காகவோ எடுத்த வயிற்று ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று ஒரு வரி வருவது இந்தக் கட்டத்தில்தான். வலி இருக்காது. சோர்வும் பசியின்மையும் இருக்கலாம். ஆனால் வீட்டு வேலையும் வெளி வேலையும் பார்க்கும் பெண்ணின் சோர்வைக் கண்டு யார் கல்லீரலை நினைப்பார்கள்? இரத்தசோகை என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவதே பெரும்பாலும் நடக்கிறது.

குடி தொடர்ந்தால் அடுத்த கட்டம் கல்லீரல் அழற்சி. சிலருக்குக் காய்ச்சலும் மஞ்சள் காமாலையுமாகத் திடீரென வந்து, சில வாரங்களில் உயிரைக் குடித்துவிடும் கடுமையான வடிவமும் இதற்கு உண்டு. மூன்றாவது கட்டத்தில் செத்த அணுக்களின் இடத்தில் தழும்புத்திசு வளர்ந்து, கல்லீரல் சுருங்கிக் கரடுதட்டி இறுகிப்போகிறது. மருத்துவமனைகளில் ‘சிரோசிஸ்’ என்று காதில் விழும் சொல் இதைத்தான் குறிக்கிறது. கல்லீரல் வழியே போக முடியாத இரத்தம் உணவுக்குழாயின் இரத்தக்குழாய்களைப் புடைக்கச் செய்ய, அவை வெடித்து இரத்த வாந்தி வரும். வயிற்றில் நீர் கோத்துக் கர்ப்பிணியின் வயிறுபோல உப்பும், கைகால் மட்டும் குச்சியாக மெலியும். இறுகிய கல்லீரலைப் பழைய நிலைக்கு முழுமையாகக் கொண்டுவர மருந்தில்லை.

இந்த மூன்று படிகளையும் பெண்கள் ஆண்களைவிடக் குறைந்த அளவில், குறைந்த ஆண்டுகளில் கடந்துவிடுகிறார்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 13,000க்கும் மேற்பட்டவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 1996இல் வெளியானது. ஆண்களில் வாரத்துக்கு 14 முதல் 27 குடி அளவு என்ற பிரிவில் கல்லீரல் நோயின் அபாயம் தெளிவாக உயரத் தொடங்கியது. பெண்களிலோ 7 முதல் 13 அளவிலேயே அது உயர்ந்துவிட்டது. இரத்தத்தில் ஆல்கஹாலின் செறிவு கூடுவது ஒரு காரணம். மது குடலின் உட்சுவரைக் கசியவிட்டு, அங்கிருக்கும் பாக்டீரியா நச்சுகளைக் கல்லீரலுக்கு அனுப்புகிறது என்பதும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அந்த நச்சுக்கு எதிரான அழற்சியைக் கூட்டுகிறது என்பதும் விலங்குச் சோதனைகளில் தெரிந்துள்ளன. உடல் பருமனும் சர்க்கரை நோயும் தம்மளவிலேயே கொழுப்புக் கல்லீரலைத் தருபவை. அவற்றோடு மதுவும் சேர்ந்தால் கேடு பெருகுகிறது.

ஒரு நல்ல செய்தியையும் இங்கேயே சொல்லிவிடலாம். முதல் கட்டமான கொழுப்புக் கல்லீரல், குடியை அடியோடு நிறுத்தினால் சில வாரங்களிலேயே பெருமளவு சீராகிவிடும். உடலின் வேறெந்த உறுப்பும் இவ்வளவு தாராளமாக மன்னிப்பதில்லை.

மார்பகப் புற்றுநோய்க்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு பலருக்கும் வியப்பைத் தருகிறது. குடித்தால் கல்லீரல் கெடும் என்று ஊரே அறியும். மார்பகத்தை யாரும் நினைப்பதில்லை. உலகச் சுகாதார அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே மதுபானங்களை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள்களின் முதல் தொகுதியில் வைத்தது. புகையிலையும் கல்நாரும் இருப்பது அதே தொகுதியில்தான். 2007இல் கூடிய அதன் அறிஞர் குழு, மதுவால் வரும் புற்றுநோய்களின் பட்டியலில் மார்பகப் புற்றுநோயையும் சேர்த்தது. மது இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவை உயர்த்துகிறது. ஈஸ்ட்ரோஜன் மார்பகத் திசுக்களைப் பெருகத் தூண்டுகிறது. அசிட்டால்டிஹைடோ அணுக்களின் மரபுப்பொருளையே சிதைக்கிறது. இரண்டும் சேரும் இடமாக மார்பகம் அமைந்துவிடுகிறது.

53 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2002இல் வெளியான பகுப்பாய்வின்படி, நாள்தோறும் குடிக்கும் ஒவ்வொரு 10 கிராம் ஆல்கஹாலுக்கும் மார்பகப் புற்றுநோயின் அபாயம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. விழுக்காட்டுக் கணக்கு சிலரை வீணாக மிரட்டும், சிலரை வீணாகத் தேற்றும் என்பதால் வேறு விதமாகவும் சொல்லலாம். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் தலைமைச் சுகாதார அலுவலராக இருந்த விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிக்கையில், மதுவோடு தொடர்புள்ள புற்றுநோய்கள் வாழ்நாளில் எத்தனை பெண்களுக்கு வரும் என்ற மதிப்பீடு இருக்கிறது. வாரத்துக்கு ஓர் அளவுக்கும் குறைவாகக் குடிக்கும் 100 பெண்களில் ஏறத்தாழ 17 பேர். நாளுக்கு ஓர் அளவு என்றால் 19 பேர். நாளுக்கு இரண்டு என்றால் 22 பேர். இந்த வேறுபாட்டில் ஒயினுக்குத் தனிச் சலுகை ஏதும் இல்லை. ‘ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது’ என்ற பழைய நம்பிக்கை, ஆய்வு முறைகள் கூர்மையான பிறகு பெரிதும் தளர்ந்துவிட்டது. இந்தியப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோயே மார்பகப் புற்றுநோய் என்பதால், நம்மவர்கள் இதை அயலூர்ச் செய்தி என்று ஒதுக்க முடியாது.

கர்ப்ப காலத்தைப் பொறுத்தவரை மருத்துவத்தின் விடை ஒரே வரிதான்: பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. தாய் குடிப்பது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் இரத்தத்துக்கு நேரே போய்விடும்; அதைச் சிதைக்கும் திறன் கருவின் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்காது. பிரான்சின் நாந்த் நகரில் பால் லெமுவான் என்ற மருத்துவர் 1968இல் குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் பிள்ளைகளிடம் ஒரே மாதிரியான குறைகள் இருப்பதைப் பதிவு செய்தார். அது அதிகம் கவனிக்கப்படவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் தனித்து அதையே கண்டு ‘கருவில் மது நோய்க்குறித்தொகுதி’ என்று பொருள்படும் பெயரையும் சூட்டிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் மழுங்கி, மேலுதடு மெலிந்து, கண்திறப்பு குறுகி இருப்பது அதன் முக அடையாளம். முகத்தில் எந்த அடையாளமும் இல்லாமல், பள்ளியில் கணக்கும் கவனமும் ஏறாமல், ஏன் என்று காரணம் தெரியாமல் வளரும் பிள்ளைகள் அதைவிட அதிகம். கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் கூடுகின்றன என்பது இதற்கு மேல்.

நாள் கணக்கையும் இங்கே பார்க்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போய்ப் பரிசோதித்துக் கர்ப்பம் என்று அறிவதற்குள் கருவுக்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகியிருக்கும். இன்னும் ஓரிரு வாரம் தாமதித்துப் பரிசோதித்தால் இதயமும் மூளையும் உருப்பெறும் காலமே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் அறிந்த பின் அல்ல, விரும்பத் தொடங்கியபோதே மதுவை விடுமாறு மருத்துவர்கள் சொல்கிறார்கள். தெரியாமல் குடித்துவிட்டவர்கள் அதற்காகக் கர்ப்பத்தையே சிதைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால் போதும்.

நம் பக்கத்தில் குடியையே வெறுக்கும் வீடுகளில்கூட, பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு சூடாகட்டும் என்று பத்தியச் சாப்பாட்டோடு ஒரு மூடி பிராந்தி ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இருந்ததுண்டு; சில இடங்களில் இன்றும் இருக்கிறது. அன்போடு தரப்படுவதுதான், ஆனால் தாயின் இரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹாலோ ஏறத்தாழ அவ்வளவே பாலிலும் இருக்கும்; பால் சுரந்து வடிவதற்கான ஹார்மோனையும் மது மட்டுப்படுத்துகிறது. பச்சிளம் குழந்தைக்குச் சளிக்காக நாக்கில் தடவும் ‘ரெண்டு சொட்டு’ அதைவிட மோசம்.

மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்தசை தளர்ந்து இதயம் ஊதிப்போகும் நோய், வாழ்நாளில் குடித்த மொத்த அளவு ஆண்களைவிடக் குறைவாக இருந்தும் பெண்களுக்கு அவர்களுக்குச் சமமாகவே வருவதை பார்சிலோனா மருத்துவர்கள் 1995இல் எழுதினார்கள். மாதவிடாய் ஒழுங்கு குலைகிறது, கருத்தரிப்பது தாமதமாகிறது. மாதவிடாய் நின்ற பின் இயல்பாகவே மெலியும் எலும்பு, நெடுநாள் குடியால் இன்னும் வேகமாக மெலிந்து, கால் தடுக்கி விழுந்தாலே இடுப்பெலும்பு முறியும் நிலை வருகிறது. சோறு குறைந்து மது கூடும்போது தயமின் என்ற உயிர்ச்சத்து வற்றி நினைவாற்றல் சிதைகிறது. தூக்க மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். தலைவலிக்கென்று வாங்கி விழுங்கும் பாரசிட்டமால், தினமும் அதிகமாகக் குடிப்பவரின் கல்லீரலுக்குக் கூடுதல் சுமை.

இவையெல்லாம் ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிந்தன என்று கேட்கலாம். மதுவைப் பற்றிய பழைய ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்களை வைத்தே நடந்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1977இல், கருத்தரிக்கும் வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றே வழிகாட்டியது. அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது 1993இல்தான்.

நம் ஊரில் தாமதத்துக்கு வேறு பெயர், மானம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 விழுக்காட்டினர் மது அருந்துவதாகச் சொன்னார்கள், பெண்களில் 0.3 விழுக்காட்டினர் மட்டுமே. பெண்கள் மிகக் குறைவாகவே குடிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் கணக்கெடுக்க வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் “ஆமாம், குடிப்பேன்” என்று சொல்லும் துணிவு எத்தனை பெண்களுக்கு இருக்கும் என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவரும் பெண் நோயாளியிடம் அதைக் கேட்கக் கூசுகிறார். கேட்டாலும் மாமியாரோ கணவனோ பக்கத்தில் இருக்கும்போது விடை வராது. பதற்றமும் மனச்சோர்வும் தூக்கமின்மையும் தணியட்டும் என்று தொடங்கி மறைவில் குடிக்கும் பெண்ணுக்கு, குடியே அந்த மனச்சோர்வை ஆழமாக்குகிறது. குடிக்கும் ஆணுக்குக் கிடைக்கும் பரிவில் ஒரு துளியும் அவளுக்குக் கிடைப்பதில்லை. மயங்கிய நிலையில் அவளிடம் அத்துமீறியவனை விட்டுவிட்டு அவளையே குற்றம் சொல்வதும் நடக்கிறது.

விட நினைப்பவர் ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பல மாதங்களாகத் தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்துவது ஆபத்து. கடைசிக் குடிக்குப் பின் சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததைக் கண்டு பிதற்றும் நிலை வந்து உயிருக்கே உலை வைக்கலாம். “பேய் பிடித்துவிட்டது” என்று கோயிலுக்குத் தூக்கிச் சென்று, மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரத்தைத் தவறவிடுவது இங்கேதான். மருத்துவமனையில் இதற்கு மருந்துண்டு. தயமின் ஊசியும் நடுக்கத்தை அடக்கும் மருந்துமாகச் சில நாள்களில் இதைப் பாதுகாப்பாகக் கடத்திவிடுவார்கள். அதன் பிறகு மீண்டும் குடிக்கும் உந்துதலைக் குறைக்கும் மாத்திரைகளும், உளநல ஆலோசனையும் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இது கிடைக்கும். நேரில் போகத் தயங்குபவர்கள், போதை மீட்புக்கான 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணையோ, மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணையோ முதலில் அழைக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது “எப்போதாவது கொஞ்சம்” என்று சொல்வதால் பயனில்லை. என்ன சரக்கு, எத்தனை மில்லி, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை ஆண்டாக என்ற நான்கையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, துணைக்கு வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நீட்டினால் போதும். கிராம் கணக்கை அவர் போட்டுக்கொள்வார்.